கழுத்து... கண்ணாடியில தப்பிச்சுப் போற ஏரியா!



காலையில காலேஜ் கிளம்பறதுக்கு முன்னாடி கண்ணாடியில எதுவரைக்கும் பார்க்கறீங்க? தலைமுடி, நெத்தி, கண்ணு, மூக்கு மேல முளைச்ச புதுப் பரு, கடைசியா தாடை. அதோட முடிஞ்சது! ஃபேஸ்வாஷ், க்ரீம், பவுடர் எல்லாமே தாடை எலும்பு பார்டர்ல வந்து பிரேக் அடிச்சு நின்னுடும். அதுக்குக் கீழே கழுத்துன்னு ஒரு ஏரியா இருக்கறதே, கல்ச்சுரல்ஸ் போட்டோ கைக்கு வந்த பிறகுதான் ஞாபகத்துக்கு வரும்.

"ஏய், என்னடி கழுத்துல ரெண்டு கோடு? ஆன்ட்டி ஆயிட்டியா?"ன்னு ஒருத்தி ஜூம் பண்ணிக் காட்டுவா. "மச்சான், குளிக்கும்போது கழுத்துக்கு லீவு விட்டுடுவியா?"ன்னு இன்னொருத்தன் கலாய்ப்பான். அவ்வளவுதான்... அன்னிக்கு ராத்திரியே ஹாஸ்டல் ரூம்ல ஆராய்ச்சி ஸ்டார்ட். எலுமிச்சம்பழம், சமையல் சோடா, மெடிக்கல் ஷாப் ட்யூப், பக்கத்து ரூம் அக்காவோட நைட் க்ரீம்னு கழுத்து ஒரு கெமிஸ்ட்ரி லேப் ஆயிடும்.

இந்த வார மேட்டர் அந்தக் கழுத்துதான். ஒண்ணை முதல்லயே சொல்லிடறேன். கழுத்துல கோடு, கழுத்துல சுருக்கம், கழுத்துல கருப்பு... இது மூணும் வேற வேற. மூணையும் ஒரே க்ரீம்ல சரி பண்றேன்னு யாராவது சொன்னா, பர்ஸை உள்ளே வெச்சுட்டு எழுந்திரிச்சு வந்துடுங்க. இது அழகு சமாச்சாரம் மட்டும் இல்லை பாஸ். நம்மில் சில பேருக்கு ஆரோக்கியமே இதுல மாட்டியிருக்கு.

கோடு விழுந்தா வயசாயிடுச்சா?

கழுத்துக்குக் குறுக்கே, நெக்லஸ் போட்ட மாதிரி ஒண்ணோ ரெண்டோ கோடு இருக்கா? டென்ஷன் வேண்டாம். பக்கத்து வீட்டுல கைக்குழந்தை இருந்தா அதோட கழுத்தைப் பாருங்க. அதுக்கும் கோடு இருக்கும். பொறந்து ஆறு மாசத்துல யாருக்கும் வயசாகாது இல்லையா? தலையை மேல, கீழே, பக்கவாட்டுல திருப்பறதுக்குத் தோல் மடங்கி விரியணும். கதவுக்குக் கீல் மாதிரி, கழுத்துக்கு இந்த மடிப்பு. சில பேருக்கு ஆழமா இருக்கும், சில பேருக்கு லேசா இருக்கும். அப்பா அம்மாகிட்ட இருந்து வர்ற ஜீன் சமாச்சாரம் அது.

இன்னொண்ணு தெரியுமா? புத்தர் சிலையைப் பார்த்திருப்பீங்க. கழுத்துல மூணு கோடு தெளிவா செதுக்கியிருப்பாங்க. சங்கு மேல இருக்கற வரி மாதிரி கழுத்துல வரி இருந்தா அது லட்சணம்னு நம்ம ஊர் சிற்பிகள் கணக்கு வெச்சிருந்தாங்க. 'சங்குக் கழுத்து'ன்னு பாட்டி பாராட்டறது சும்மா இல்லை. அன்னிக்கு லட்சணமா இருந்தது, இன்னிக்கு ஃபில்டர் போட்டு அழிக்கற சமாச்சாரம் ஆயிடுச்சு. கோடு மாறலை, நாம பார்க்கற கண்ணாடிதான் மாறியிருக்கு.

அப்ப சுருக்கம்னா எது? குறுக்குக் கோட்டைத் தவிர, மெல்லிய டிஷ்யூ பேப்பரைக் கசக்கி விரிச்ச மாதிரி பொடிப்பொடியா வரி வர்றது, தோல் தளர்ந்து தொங்கறது, தாடைக்குக் கீழே இருந்து நேர்க்குத்தா கயிறு மாதிரி ரெண்டு நரம்புத் தடம் தெரியறது... இதெல்லாம் வயசும் வெயிலும் சேர்ந்து பண்ற வேலை. அந்தக் 'கயிறு' உண்மையில நரம்பே இல்லை. காறை எலும்புல இருந்து தாடை வரைக்கும் தோலுக்கு அடியிலேயே பரவியிருக்கற பிளாட்டிஸ்மாங்கற மெல்லிய தசை. இருபது வயசுல பெரும்பாலான பேருக்கு இது எதுவும் இருக்காது. ஆனா அதுக்கான அஸ்திவாரம் போடறது இந்த வயசுலதான்!

ஸ்ட்ரெங்த் ஆஃப் தோல்!

இஞ்சினீயரிங் பசங்களுக்கு ஈஸியா புரியும். நம்ம தோலோட உள் அடுக்கை ஆர்.சி.சி. கான்கிரீட் மாதிரி நினைச்சுக்கங்க. உள்ளே கம்பி மாதிரி தாங்கி நிக்கறது கொலாஜன். இழுத்துவிட்டா மறுபடி பழைய இடத்துக்கு வர வைக்கிற ஸ்ப்ரிங், எலாஸ்டின். இருபதுகளைத் தாண்டின பிறகு கொலாஜன் மெதுவா குறைய ஆரம்பிக்கும். அது இயற்கை, யாரும் தடுக்க முடியாது. ஆனா கம்பியைத் துருப்பிடிக்க விடாம பார்த்துக்கறது நம்ம கையில இருக்கு.

கழுத்துக்கு ரெண்டு மைனஸ் பாயின்ட். ஒண்ணு, முகத்தோட ஒப்பிட்டா அங்கே தோல் மெல்லிசு. ரெண்டு, எண்ணெய் சுரப்பிகள் கம்மி. அதனாலதான் முகம் எண்ணெய் வழியும்போதுகூட கழுத்து வறண்டு கிடக்கும். வறண்ட தோல்ல சின்னக் கோடுகூட பெருசாத் தெரியும்.

துருப்பிடிக்க வைக்கிற வில்லன்கள் யாரு? நம்பர் 1 வெயில். நம்பர் 2 சிகரெட். டீக்கடை பின்னாடி 'ஒரு தம்'னு நிக்கற மச்சான்களே... புகை நுரையீரலோட மட்டும் போறதில்லை. தோலோட ரத்த ஓட்டத்தைக் குறைச்சு, அந்த ஸ்ப்ரிங்கையும் கெடுக்குது. நம்பர் 3, பட்டினி கிடந்து தடாலடியா எடை குறைக்கறது. இந்த மூணுல நம்ம ஊர்ல ரொம்பப் பெரிய வில்லன் எதுன்னு சொல்லவே வேண்டாம். தலைக்கு மேலயே நிக்குது!

தாடை நிழல் டெஸ்ட்

இப்பவே ஒரு டெஸ்ட் பண்ணிப் பாருங்க. கண்ணாடி முன்னாடி நின்னு தலையை அண்ணாந்து, தாடைக்கு நேர் கீழே இருக்கற தோலைப் பாருங்க. அப்புறம் கழுத்தோட பக்கவாட்டுத் தோலைப் பாருங்க. நிறத்துலயும் மென்மையிலயும் வித்தியாசம் தெரியுதா? ரெண்டுக்கும் வயசு ஒண்ணுதான். ஒண்ணு தாடையோட நிழல்ல வளர்ந்தது, இன்னொண்ணு பஸ் ஸ்டாப் வெயில்ல வளர்ந்தது. வெயில்ல பல வருஷம் வாட்டின கழுத்துல பக்கவாட்டுல மட்டும் சிவப்பும் பழுப்புமா படை விழுந்து, தாடை நிழல் விழற இடம் மட்டும் தப்பிச்சு நிக்கறதுன்னு ஒரு பிரச்னையே தோல் மருத்துவப் புத்தகங்கள்ல இருக்கு.

இதைவிட சூப்பர் உதாரணம் ஒண்ணு. அமெரிக்காவுல 28 வருஷம் லாரி ஓட்டின ஒரு டிரைவரோட போட்டோ, 2012-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழ்ல வந்தது. அவருக்கு வயசு 69. ஜன்னல் பக்கம் இருந்த இடது முகம் முழுக்க ஆழமான சுருக்கம். வலது முகம் பல வருஷம் இளமையா இருந்தது! கண்ணாடியை ஏத்தித்தானே ஓட்டியிருப்பாருன்னு கேட்கறீங்களா? அங்கேதான் பிசிக்ஸ். வெயில்ல இருக்கற புறஊதாக் கதிர்கள்ல நம்மளை வந்து சேர்றது ரெண்டு வகை. யு.வி.பி. தோலோட மேல்பகுதியைச் சுட்டுச் சிவக்க வைக்கும். சாதாரணக் கண்ணாடி அதைப் பெருமளவு தடுத்துடும். யு.வி.ஏ. கண்ணாடியைத் தாண்டி வந்து, தோலோட ஆழத்துல போய் கொலாஜனை உடைக்கும். சுடாது, எரியாது. அதனால நமக்குத் தெரியவே தெரியாது. காலேஜ் பஸ்ல தினமும் ஒரே ஜன்னல் சீட்டுக்கு அடிச்சுக்கறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

டூவீலர்ல போற பொண்ணுங்க துப்பட்டாவால கழுத்து, முகம்னு சுத்திக்கிட்டு போறதைப் பார்த்து 'கொள்ளைக்காரி'ன்னு கலாய்ச்ச பசங்களே... அவங்க கரெக்ட். கதிருக்குக் குறுக்கே துணியைப் போடறதுதான் உலகத்துலேயே சிம்பிளான, சீப்பான தடுப்பு. பசங்களுக்குக் காலர் வெச்ச சட்டை, பின்கழுத்துல ஒரு கர்ச்சீப். ஹெல்மெட் போட்டாலும் கழுத்து வெளியிலதான் இருக்கும். எங்க சிவில் பசங்க சர்வே கேம்ப்ல பத்து நாள் தியோடலைட்டுக்குக் குனிஞ்சு நின்னா, பின்கழுத்துல சட்டைக்கு மேலயும் கீழயும் ரெண்டு கலர் பார்டர் விழும். அகலமான விளிம்பு வெச்ச தொப்பி அங்கே ஃபேஷன் இல்லை, கருவி மாதிரி.

சன்ஸ்க்ரீன் கணக்கு

சென்னை வெயில் காலத்துல மத்தியான நேரம் புறஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டறது சர்வசாதாரணம். அது 'மிகத் தீவிரம்'ங்கற வகை. அதனால காலை 10-ல் இருந்து சாயங்காலம் 4 வரை வெளியில சுத்தறவங்களுக்கு சன்ஸ்க்ரீன் ஆடம்பரம் இல்லை.

வேலை செய்யுதான்னு கேட்கறீங்களா? ஆஸ்திரேலியாவுல நாம்பர்னு ஒரு ஊர்ல 1992-ல் இருந்து 1996 வரை ஒரு ஆய்வு நடந்தது. 55 வயசுக்குக் கீழே இருந்த 903 பேரோட தோலை ஆராய்ஞ்சு பார்த்து, 2013-ல் ரிசல்ட்டை வெளியிட்டாங்க. தினமும் தடவினவங்களுக்கும், தோணினப்ப தடவினவங்களுக்கும் தோல் முதிர்ச்சியில 24 சதவிகிதம் வித்தியாசம்! தினமும் தடவினவங்க தோல்ல நாலரை வருஷத்துல கண்டுபிடிக்கற அளவு முதுமை கூடவே இல்லை. விலை அதிகமான க்ரீம் எதுவும் அங்கே ஜெயிக்கலை. 'தினமும்'ங்கற வார்த்தைதான் ஜெயிச்சது.

டப்பாவுல ரெண்டு விஷயம் பாருங்க. எஸ்.பி.எஃப். நம்பர் யு.வி.பி.க்கு. 30-க்கு மேல இருந்தா போதும். பி.ஏ. பக்கத்துல இருக்கற ப்ளஸ் குறிகள் யு.வி.ஏ.க்கு. சுருக்கத்துக்குக் காரணம் யு.வி.ஏ.ங்கறதால ப்ளஸ்ஸை எண்ணுங்க. குறைஞ்சது மூணு இருக்கணும்.

அடுத்தது அளவு. சோதனைக்கூடத்துல எஸ்.பி.எஃப். அளக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் தடவித்தான் அளக்கறாங்க. முகமும் கழுத்தும் சேர்த்து சுமார் 600 சதுர சென்டிமீட்டர்னு வெச்சுக்கங்க. 1,200 மில்லிகிராம், அதாவது 1.2 கிராம் வேணும். 50 கிராம் ட்யூப், தினம் ஒரு தடவைன்னா சுமார் 40 நாள்தான் வரணும். உங்க ட்யூப் ஆறு மாசமா ஓடுதுன்னா, நீங்க தடவறது சன்ஸ்க்ரீன் இல்லை, திருநீறு! ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டு மேலயும் நீளமா ஒரு கோடு பிதுக்கினா முகத்துக்கும் கழுத்துக்கும் ஏறக்குறைய சரியா வரும். பக்கவாட்டையும் பின்கழுத்தையும் மறக்காதீங்க. வெயில்லயே இருந்தா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி தடவணும். காசு கட்டுப்படி ஆகலையா? துப்பட்டா, காலர், குடை. அதுக்கு ரீஃபில் செலவே கிடையாது.

செல்போன் குற்றவாளியா?

'டெக் நெக்'னு ஒரு வார்த்தை இப்ப ரொம்ப ஓடுது. குனிஞ்சு செல் பார்த்துப் பார்த்து இருபது வயசுலேயே கழுத்துல கோடு விழுதாம். குனியும்போது தோல் மடியுது, அது உண்மை. ஆனா செல் பார்த்ததாலேயே நிரந்தரக் கோடு விழுந்துடுச்சுன்னு உறுதியா நிரூபிச்ச பெரிய ஆய்வு எதுவும் வரலை. இந்தப் பயத்தை அதிகமா பரப்பறது நெக் க்ரீம் விளம்பரங்கள்தான்.

ஆனா செல்லுக்கு முழு விடுதலை கொடுத்துடாதீங்க. தோலை விட்டுட்டு எலும்பைப் பாருங்க. நேரா நிமிர்ந்து இருக்கும்போது தலையோட எடை சுமார் 5 கிலோ. 2014-ல் கென்னத் ஹன்ஸ்ராஜ்ங்கற அமெரிக்க டாக்டர் ஒரு கணக்கு போட்டார். தலையை 15 டிகிரி சாய்ச்சா கழுத்தெலும்பு மேல 12 கிலோ, 30 டிகிரியில 18 கிலோ, 45 டிகிரியில 22 கிலோ, 60 டிகிரியில 27 கிலோ சுமை. இது கம்ப்யூட்டர் மாடல் கணக்குதான். ஆனாலும் ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ்ல படிச்ச 'மொமென்ட்' அப்படியே வருது பாருங்க. தூரம் கூடினா சுமை கூடும்! ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் படுத்துக்கிட்டு செல் பார்க்கறவங்க, காலையில 'கழுத்து பிடிச்சுக்கிச்சு'ன்னு சொல்றதுக்குக் காரணம் தலையணை மட்டும் இல்லை. செல்லைக் கண் உயரத்துக்குத் தூக்குங்க. கோடு குறையுமோ இல்லையோ, வலி குறையும்.

இதைக் கொஞ்சம் சீரியஸா படிங்க

கழுத்துக் கருப்புக்கு வருவோம். எங்க காலேஜ்ல ஒரு பையன். ஜூனியர். கழுத்தைச் சுத்தி அழுக்கு படிஞ்ச மாதிரி கருப்பா, தொட்டா வெல்வெட் மாதிரி தடிப்பா இருக்கும். 'டேய் கரிக்கட்டை, குளிடா'ன்னு ஒரு செமஸ்டர் முழுக்க ஓட்டினாங்க. அவனும் பீர்க்கங்காய் நாரை வெச்சு ரத்தம் வர்ற அளவு தேய்ச்சான். தேய்க்கத் தேய்க்க இன்னும் கருத்தது. காலேஜ்ல நடந்த மெடிக்கல் கேம்ப்ல, பி.பி. பார்க்க உட்கார்ந்த டாக்டர் கையைப் பார்க்கலை, கழுத்தைப் பார்த்தார். வெறும் வயித்துல சுகர் டெஸ்ட் எடுத்துட்டு வரச் சொன்னார். ரிசல்ட் 118. சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம். வயசு 19.

அந்தக் கருப்புக்குப் பேர் அகாந்தோசிஸ் நிக்ரிகன்ஸ். அது அழுக்கு இல்லை. உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யாம போகும்போது, கணையம் இன்னும் இன்னும் இன்சுலினைச் சுரக்கும். அந்த அதிக இன்சுலின் தோல் செல்களை வேகமா வளரத் தூண்டும். அதனால கழுத்து, அக்குள் மாதிரி மடிப்புகள்ல தோல் தடிச்சுக் கருத்துப் போகும். பொண்ணுங்களுக்கு இதோட பீரியட்ஸ் தள்ளிப்போறது, முகத்துல முடி, எடை கூடறது சேர்ந்து இருந்தா பி.சி.ஓ.எஸ். இருக்கான்னும் பார்க்கணும். கழுத்து கருப்பா இருக்கற எல்லாருக்கும் சுகர்னு அர்த்தம் இல்லை. பரம்பரையா வர்றது உண்டு, சில மருந்துகளாலயும் வரலாம். ஆனா டெஸ்ட் எடுத்தாதான் தெரியும். வெறும் வயித்துல 100-ல் இருந்து 125 வரை இருந்தா எச்சரிக்கை மணி. 126-ம் அதுக்கு மேலயும்னா டாக்டர் மறுபடி டெஸ்ட் எடுத்து சர்க்கரை நோயான்னு உறுதிப்படுத்துவார்.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வுல இந்தியாவுல சர்க்கரை நோய் இருக்கறவங்க 10.1 கோடி பேர், அதுக்கு முந்தைய கட்டத்துல இருக்கறவங்க 13.6 கோடி பேர்னு கணக்கு. நல்ல செய்தியும் இருக்கு. அந்த முந்தைய கட்டத்துல இருந்து திரும்ப முடியும்! நம்ம சென்னையில டாக்டர் ஏ.ராமச்சந்திரன் தலைமையில நடந்து 2006-ல் வெளியான ஆய்வுல, நடையும் சாப்பாட்டு மாற்றமும் மட்டுமே சர்க்கரை நோய் வர்ற ரிஸ்க்கை 28.5 சதவிகிதம் குறைச்சது. நம்ம ஜூனியர் இப்ப சாயங்காலம் பரோட்டா, கூல்டிரிங்க்ஸை விட்டுட்டு கிரவுண்டை ஒன்பது ரவுண்ட் அடிக்கறான். நாரைத் தூக்கிப் போட்டுட்டான். கழுத்துக் கருப்பு மெதுவா வெளுத்துட்டு வருது. அவனை ஓட்டின பசங்கள்ல ரெண்டு பேர் இப்ப அவன்கூட ஓடறாங்க.

அதனால ஃப்ரெண்டோட கழுத்துல கருப்பைப் பார்த்தா 'குளிடா'ன்னு சொல்லாதீங்க. 'ஒரு சுகர் டெஸ்ட் எடுத்துடுடா'ன்னு சொல்லுங்க.

'அண்ணே, வெள்ளையாகற க்ரீம் ஒண்ணு!'

மெடிக்கல் ஷாப்ல போய் இப்படிக் கேட்டா, பல இடத்துல ஒரு சின்ன ட்யூபை எடுத்து நீட்டுவாங்க. ஒரு வாரத்துல கழுத்து பளிச்னு ஆயிடும். உடனே ஹாஸ்டல் முழுக்க அதே ட்யூப்! அந்த மேஜிக் எதுல நடக்குது தெரியுமா? பெரும்பாலும் ஸ்டீராய்டு. ட்யூப் பின்னாடி பொடி எழுத்துல பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளுவோசினோலோன்னு ஏதாவது பேர் இருந்தா, அது அழகு க்ரீம் இல்லை, மருந்து. தோல் நோய்க்கு, டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் மட்டும் போட வேண்டியது.

மாசக்கணக்குல போட்டா என்ன ஆகும்? தோல் மெலிஞ்சுபோகும். சின்னச் சின்ன ரத்தக்குழாய் வெளியில தெரியும். பரு, தேவையில்லாத முடி, வரி வரியா தழும்பு வரும். நிறுத்தினா எரிச்சலும் சிவப்பும் பழைய கருப்பைவிட மோசமா திரும்பும். ஏற்கெனவே மெல்லிசான கழுத்துத் தோலை இன்னும் மெலிய வெச்சா சுருக்கம் சீக்கிரம் வரும். சுருக்கத்துக்குப் பயந்து போட்ட க்ரீமே சுருக்கத்தைக் கூட்டிட்டு வரும்! 2018-ல் மத்திய அரசு, தோல்ல தடவற இந்த ஸ்டீராய்டு வகைகளை டாக்டர் சீட்டு இல்லாம விற்கக் கூடாதுன்னு ஷெட்யூல் ஹெச் பட்டியலுக்குள்ள கொண்டு வந்தது. நீங்க ஏற்கெனவே ரொம்ப நாளா போட்டுட்டு இருந்தா, பயந்துபோய் திடீர்னு நிறுத்தாம ஒரு தோல் டாக்டரைப் பாருங்க. படிப்படியா நிறுத்தறதுக்கு வழி இருக்கு.

லேபிளே இல்லாத க்ரீம்ல இன்னொரு ஆபத்து, பாதரசம். கேரளாவுல மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்ல 2021-ல் இருந்து 2023 வரை ஒரு வகை சிறுநீரக பாதிப்போட வந்த 22 பேரை டாக்டர்கள் ஆராய்ஞ்சாங்க. அதுல 15 பேருக்கு ஒரு குறிப்பிட்ட அபூர்வ அடையாளம் இருந்தது. அந்த 15-ல் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசினவங்க! கழுத்துல தடவினது கிட்னி வரைக்கும் போயிருக்கு.

கிச்சன் வைத்தியம் பாஸா, ஃபெயிலா?

எலுமிச்சைச் சாறு: ஃபெயில். தோல் இயல்பாவே லேசான அமிலத்தன்மையில, பி.ஹெச். 5 பக்கம் இருக்கும். எலுமிச்சை 2 பக்கம். எரிச்சல் நிச்சயம். தடவிட்டு வெயில்ல போனா கொப்புளமும் கருந்திட்டும் வரலாம்.

சமையல் சோடா: ஃபெயில். இது எதிர்த்திசை. காரத்தன்மை தோலோட பாதுகாப்பு அடுக்கைக் கெடுத்து வறட்சியைக் கூட்டும்.

நார், கல், ஸ்க்ரப்: ஃபெயில். நம்ம நிறத் தோல்ல தொடர்ந்து உராய்ஞ்சாலே கருக்கும்.

தேங்காய் எண்ணெய்: பார்டர் பாஸ். வறட்சிக்கு நல்லது. சுருக்கத்தை எடுக்காது. பரு வர்றவங்க ஜாக்கிரதை.

சென்ட்: கழுத்துல நேரா அடிச்சுட்டு வெயில்ல போகாதீங்க. சில வாசனை எண்ணெய்கள் வெயிலோட சேர்ந்து கருப்புத் தடம் போடும். சட்டையில அடிங்க.

கவரிங் செயின், ஐ.டி. கார்டு டேக்: அரிப்போட தடம் விழுந்தா நிக்கல் அலர்ஜியாவோ, வியர்வையும் உராய்வுமாவோ இருக்கலாம். டேக்கை வாரம் ஒரு தடவை துவைங்க. கடைசியா எப்ப துவைச்சீங்க? சரி விடுங்க!

ட்ரீட்மென்ட்னு போனா...

முதல்ல 'கொலாஜன் க்ரீம்'. தோலைத் தாண்டி உள்ளே போக ஒரு மூலக்கூறோட எடை சுமார் 500 டால்டனுக்குள்ள இருக்கணும்னு ஒரு பொது விதி. கொலாஜனோட எடை சுமார் 3 லட்சம் டால்டன். லாரியை சாவி ஓட்டையில ஓட்டற கதை! அது மேல உட்கார்ந்து ஈரப்பதத்தைக் காக்கும், அவ்வளவுதான். அந்த வேலையைச் சாதாரண மாய்ஸ்சரைசரே செய்யும்.

உண்மையில சுருக்கத்துல வேலை செய்யுதுன்னு நல்ல ஆதாரம் இருக்கற பூச்சு மருந்து, ட்ரெட்டினாயின். முதல்ல பருவுக்குத்தான் வந்தது. அதைப் போட்டுக்கிட்டவங்க தோல் மிருதுவானதைக் கவனிச்ச ஆல்பர்ட் க்ளிக்மன்ங்கற அமெரிக்க டாக்டரோட குழு, வெயில்ல முதிர்ந்த தோலை அது சரிப்படுத்துதுன்னு 1986-ல் எழுதினாங்க. ஆனா கழுத்துத் தோல் மெல்லிசுங்கறதால சீக்கிரம் எரியும், உரியும். ராத்திரி மட்டும், கொஞ்சமா, டாக்டர் சொல்லித்தான். கர்ப்பமா இருக்கறவங்க, அதுக்குத் திட்டமிடறவங்க போடக் கூடாது.

ஊசி, லேசர் எல்லாம் இருக்கு. கழுத்துல நேர்க்குத்தா தெரியற தசைத் தடத்துக்கு போடாக்ஸ் ஊசியை அமெரிக்காவோட எஃப்.டி.ஏ. 2024 அக்டோபர்ல அனுமதிச்சது. கவனிங்க, அது குறுக்குக் கோட்டுக்கு இல்லை. மூணு நாலு மாசத்துல வேகம் குறைஞ்சுடும், மறுபடி போடணும். தப்பான இடத்துல போனா விழுங்கக் கஷ்டம் வரலாம். குறுக்குக் கோட்டுக்கு ஃபில்லர் போடறாங்க. மெல்லிசான தோல்ல கட்டி கட்டியா தெரியற ரிஸ்க் உண்டு. லேசர், நம்ம மாநிறத் தோல்ல கவனம் தப்பினா கருந்திட்டு விட்டுட்டுப் போகும். பார்லர்ல 'ஸ்டூடன்ட் ஆஃபர்'னு போர்டு பார்த்துட்டு ஊசிக்குக் கழுத்தை நீட்டாதீங்க. இதையெல்லாம் செய்ய வேண்டியது தகுதி பெற்ற டாக்டர். இருபது வயசுல குறுக்குக் கோட்டுக்கு இதுல எதுவுமே தேவையில்லை.

தினமும் அஞ்சே அஞ்சு

1. முகம் கழுவும்போது கழுத்தையும் மென்மையா கழுவுங்க. தேய்க்க வேண்டாம்.

2. குளிச்ச ஈரம் காயறதுக்குள்ள மாய்ஸ்சரைசர், தாடையில நிறுத்தாம காறை எலும்பு வரைக்கும்.

3. வெளியில கிளம்பினா சன்ஸ்க்ரீன் அல்லது துணி. ரெண்டும்னா டபுள் ஓகே.

4. செல் கண் உயரத்துல. அரை மணிக்கு ஒரு தடவை தோளைச் சுழற்றுங்க.

5. சிகரெட் வேண்டாம், நடை வேணும்.

கண்ணாடி முன்னாடி நிக்கும்போது மாசம் ஒரு தடவை இன்னொண்ணும் பாருங்க. ஒரு மடக்கு தண்ணி குடிச்சுக்கிட்டே கழுத்தோட முன்பக்கத்தைக் கவனிங்க. விழுங்கும்போது வீக்கம் ஏதாவது மேல ஏறி இறங்குதா? தைராய்டா இருக்கலாம். வேற எங்கேயாவது கட்டி தட்டுப்பட்டு மூணு வாரத்துக்கு மேலயும் கரையலையா? அழகு க்ரீமைத் தேடாம டாக்டர்கிட்ட போங்க.

காசுக்கு எங்கே போறதுன்னு தயங்க வேண்டாம். சென்னை ராஜீவ் காந்தி, மதுரை ராஜாஜி, கோவை அரசு மருத்துவமனைன்னு நம்ம அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல தோல் பிரிவு தனியாவே இருக்கு. காலையில சீக்கிரமே போய் ஓ.பி. சீட்டு வாங்குங்க. போகும்போது, இதுவரை போட்ட ட்யூப் எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க. டாக்டருக்குப் பாதி விடை அந்தக் கவர்லயே கிடைக்கும்.

குறுக்குக் கோட்டை அப்படியே விடுங்க, அது உங்க அம்மா கொடுத்தது. வெயில் போடற கோட்டைத் தள்ளிப் போடுங்க. கருப்பு இருந்தா டெஸ்ட் எடுங்க. அடுத்த வாரம் தலைமுடி கொட்டற மேட்டரோட வர்றேன். பை பை!